கயானாவில் ஞாயிற்றுக்கிழமைகள்

"எம்பிபிஎஸ் முடிச்சிட்டேன் அண்ணா. வெளிநாட்டு மெடிக்கல் காலேஜ்ல டீச்சிங் வேலை வருது. போகலாமா?"

மாசத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸில் இப்படிக் கேட்கிறார்கள். சம்பளம், விசா, ஃபிளாட் எல்லாம் ஏஜென்ட் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது ஞாயிற்றுக்கிழமையை. நான் அதைச் சொல்கிறேன்.

அரசுப் பணிக்கு வருவதற்கு முன்பு தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவில், தலைநகர் ஜார்ஜ்டவுனில், ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அனாடமி எடுத்தேன். பசங்க முக்கால்வாசி தமிழ்நாடு, ஆந்திரா.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறு ஓடாது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. நான் பல் தேய்க்கும்போது அம்மா விளக்கு ஏத்திட்டு இருப்பாங்க. கொஞ்ச நேரம் பேசுவோம், அப்புறம் அவங்க சாப்பிட்டுத் தூங்கப் போயிடுவாங்க. மிச்ச நாள் முழுக்க நானும் நாலு சுவரும்தான்.

அதனால் வெளியே கிளம்பிவிடுவேன். ஹாஸ்டலில் சும்மா படுத்துக் கிடக்கிற பசங்களையும் இழுத்துக்கொண்டு போவேன்.

ஜார்ஜ்டவுன், கடல் ஏறும் நேரத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஊர். கரை நெடுகத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் ஊரே அந்தச் சுவர் மேல் வந்து உட்கார்ந்துவிடும். வெந்த முட்டையைச் சுற்றி மரவள்ளிக்கிழங்கை அப்பிப் பொரித்துத் தருவார்கள், தொட்டுக்கொள்ள மாங்காய்ப் புளிப்பு. சில வாரம் 32ஆம் நம்பர் மினிபஸ் பிடித்து, மிதவைப் பாலம் தாண்டி, எஸெக்கிபோ ஆற்றங்கரையில் பரிக்கா வரை போய் வருவோம். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும். ஈஎன்டி நண்பர்கள் மன்னிக்கவும்.

பண்டிகைக்குப் பஞ்சமே இல்லாத நாடு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி லைட் ஜோடித்த வண்டிகள் ஊர்வலமாகப் போகும், எல்லா மதத்துக்காரர்களும் ரோட்டோரம் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். பிப்ரவரி 23 குடியரசு நாள், தெருவெல்லாம் ஆட்டம். ஈஸ்டர் திங்கட்கிழமை வானம் முழுக்கக் காற்றாடி. மாஞ்சாவில் கழுத்து அறுபட்டு வந்த கேஸைப் பார்த்தவன் என்பதால் முதலில் நூலைத்தான் தொட்டுப் பார்த்தேன். சாதா நூல்!

கிறிஸ்துமஸுக்கு பெப்பர்பாட். கசப்பு மரவள்ளியின் சாற்றைக் கருப்பாகக் குழம்பு மாதிரி காய்ச்சி, அதில் இறைச்சியை வேகவைப்பது. பச்சைச் சாறில் சயனைடு விஷம் உண்டு, காய்ச்சக் காய்ச்சப் போய்விடும். அமெரிந்தியப் பழங்குடிகள் கண்டுபிடித்த வித்தை. சேலத்துக்காரர்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பையன் விஷயம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது இங்கே டாக்டராக இருக்கிறான்.

முதல் வருஷம். விழுப்புரம் பக்கம். வகுப்புக்கு வருவான், போவான், யாரிடமும் பேச்சில்லை. மெஸ்ஸில் பாதி நாள் சாப்பிடுவதில்லை. தீபாவளி அன்று எல்லாரும் கீழே இருக்க, இவன் மட்டும் ரூமைப் பூட்டிக்கொண்டு உள்ளே. எனக்கு பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு, கேட்காமலேயே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். போனது ஒரு மாரியம்மன் கோயிலுக்கு.

1838 முதல் 1917 வரை சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் பேரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றினார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழி. ஒரு சிறு பங்கு மெட்ராஸ் வழி, நம்மாட்கள். மொழி போய்விட்டது, பெயர்கள் மிஞ்சின. 2015இல் பிரதமரானவர் நாகமுத்து. வெஸ்ட் இண்டீஸுக்குப் பந்து வீசியவர் வீராசாமி பெருமாள். மாரியம்மாவும் மிஞ்சினாள், வேப்பிலையோடும் மஞ்சள் தண்ணியோடும் தப்போடும்.

ஆமாம், பெயரே 'தப்பு'தான் அங்கேயும். கோயில் முற்றத்தில் நெருப்பு மூட்டி, தோலைக் காட்டி இறுக்கிக்கொண்டு இருந்தார்கள். பையன் நின்றுவிட்டான்.

அடி ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து என் காதில், "சார், எங்க ஊர் அடி மாதிரியே இருக்கு. நடுவுல ஒன்னு விட்டுட்டாங்க" என்றான். உனக்கெப்படித் தெரியும் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா அடிப்பார் சார். ஹாஸ்டல்ல யாருக்கும் தெரியாது. அப்பா விவசாயம்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவன் ரூமைப் பூட்டிக்கொண்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பக்கத்து ரூம் பையன்கள் ஊர், தெரு, குலதெய்வம் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் அந்தக் கேள்வி விசா வாங்கிக்கொண்டு வந்துவிட்டது.

இங்கே தப்பு சாமிக்கு நேர் எதிரே. அடிப்பவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பூஜை முடிந்ததும் அவனாகப் போய்க் கையை நீட்டினான். கொடுத்தார்கள். விட்டுப்போன அந்த ஒரு அடியைச் சேர்த்து அடித்துக் காட்டினான். பூசாரி இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை.

அடுத்த ஞாயிறு நான் கூப்பிடவே இல்லை, அவனே வாசலில் நின்றான். கோயிலிலிருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். இங்கே ராத்திரி எட்டரை இருக்கும். போனைத் தப்புப் பக்கம் திருப்பினான். அந்த மனுஷன் நலம்கூட விசாரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,

"கன்னுத்தோலா, ஆட்டுத்தோலா? கேளுடா" என்றார்.

பையன் இங்கிலீஷில் கேட்டான். ஆட்டுத்தோலாம்.