உறைந்த தவளை சாகவில்லை

கனடாவில் ஜனவரி மாதம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. உங்கள் உடம்புக்குள் எவ்வளவு? 37 பாகை அளவுதான்! கோடையிலும் அதே அளவுதான். நாய், பூனை, பறவை, நாங்கள் எல்லோரும் இப்படித்தான். எங்கள் உடம்பே சூட்டை உண்டாக்கும். அதனால் எங்களை வெப்ப இரத்த விலங்குகள் என்பார்கள்.

தவளை, ஆமை, பாம்பு போன்றவை குளிர் இரத்த விலங்குகள். இந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஏன் தெரியுமா? கோடையில் குளத்துக்குப் போய்ப் பாருங்கோ. ஆமை மரக்கட்டையில் ஏறி வெயில் காயும். அப்போது அதன் இரத்தமும் சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டை அது சூரியனிடம் கடன் வாங்குது, அவ்வளவுதான்.

"அப்ப குளிர்காலத்தில அதுகள் பாவம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கோ.

"சாப்பிட்டாத்தான் உடம்பில சூடு இருக்கும்" என்று என் அம்மா சொல்லுவா. அது உண்மை. சூடு சும்மா வராது. சிக்கடீ என்று ஒரு சின்னப் பறவை இருக்கிறது. நிறை 11 கிராம் அளவுதான். குளிர்காலத்தில் பகல் முழுக்க இரை தேடித் தின்னும். இரவில் அந்தக் கொழுப்பை எரித்து, நடுங்கி நடுங்கிச் சூட்டைக் காக்கும். பகலில் இரை கிடைக்காவிட்டால், இரவில் அதன் உயிருக்கே ஆபத்து.

காட்டில் வாழும் 'வுட் ஃப்ராக்' என்ற தவளைக்கு அந்தக் கவலை இல்லை. அது காய்ந்த இலைகளுக்கு அடியில் படுத்துவிடும். உடம்பில் உள்ள நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகலாம். மூச்சு நிற்கும். இதயமும் நிற்கும். ஆனால் சாகாது! அதன் ஈரல் நிறையச் சர்க்கரையை இரத்தத்தில் கலக்கும். அந்தச் சர்க்கரை, உடம்பின் கலங்களுக்குள் பனிக்கட்டி உண்டாகாமல் காக்கும். வசந்தத்தில் பனி உருக, இதயம் மறுபடியும் துடிக்கும்.

பறவை தேடித் தேடி உயிரைக் காக்குது. தவளை காத்திருந்து உயிரைக் காக்குது. இரண்டுமே கெட்டித்தனம்தான்.

குளிரில் கல் மாதிரி ஒரு தவளையைக் கண்டால், பாவம் என்று வீட்டுக்குள்ளே கொண்டுவராதீங்கோ. சூடு பட்டால் அது வசந்தத்துக்கு முன்னமே எழும்பிவிடும். அப்போது வெளியே தின்னப் பூச்சி இருக்காது. இலையால் மூடிவிட்டு வாங்கோ.

ஏப்ரலில் காட்டுக் குளத்துப் பக்கம் போனால் காது கொடுத்துக் கேளுங்கோ. வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வரும். அது வாத்தாக இல்லாமலும் இருக்கலாம்!