இரண்டு கட்டையும் ஐந்தரைக் கட்டையும்

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. இதை விளக்கி எழுத வேண்டிய காலம் வரும் என்று நான் நினைத்ததில்லை. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் கோயில் பொட்டலில் துண்டை விரித்து, விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்த சனம் புதுக்கோட்டை ஜில்லாவில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர்களிடம் போய் “ஒத்திகை எப்போ?” என்று கேட்டால் சிரிப்பார்கள்.

எங்களிடம் கேட்டது படித்த பிள்ளை. சுதந்திரத்தின் 75ஆவது ஆண்டை நாடெங்கும் கொண்டாடிய சமயம் அது. ஐரோப்பாவில் இரண்டு மூன்று நகரங்களின் நாடகக்காரர்கள் கூடி, சுதந்திரம் என்றால் என்ன என்று கேட்டு ஒரு கூட்டு நிகழ்ச்சி தயாரிக்கிறார்களாம். தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு கலை வேண்டும் என்று ஓர் அமைப்பின் வழியாக எங்களைத் தேடி வந்தார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியப் பெட்டிக்கு நான். ஸ்கிரிப்ட் எங்கே, டைரக்டர் யார், எத்தனை நாள் ஒத்திகை என்று அந்தப் பிள்ளை வரிசையாகக் கேட்டது. மூன்றுக்கும் இல்லை என்றேன். வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிவிட்டு, எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியது. எட்டு மணி நேர நாடகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். போதாததற்கு, “நீங்க சுதந்திரமா ஏதாவது பண்ணுங்க அய்யா” என்று ஒரு சலுகை வேறு.

ஏதாவது பண்ணுகிற கலை இல்லை இது. ஊர் நாடகம் வைக்கும், ஏஜெண்ட் ஆள் பிடிப்பார். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் காரைக்குடி, பபூன் மணப்பாறை, மிருதங்கம் திண்டுக்கல், பெட்டி எங்கள் ஊர். நோட்டீஸில் அவரவர் படமும் ஊர்ப் பெயரும் இருக்கும். பத்து மணிக்குப் பபூன் மேடையேறும்போதுகூட ராஜபார்ட் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருப்பார். அவரும் ஸ்திரீபார்ட்டும் அன்றைக்கு ராத்திரிதான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வார்கள் என்றாலும் ஆச்சரியமில்லை. நடுச்சாமத்துக்கு மேல் நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியிடம் வாய் கொடுத்துவிட்டால் தர்க்கம் இரண்டு மணி நேரம் ஓடும். வெங்காய விலை வரும், காவிரித் தண்ணீர் வரும், ஊராட்சித் தலைவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் அவரும் வருவார். எங்கே சுற்றினாலும் சுவாமிகள் பாட்டு தொடங்குகிற இடத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த இடம் எல்லா ஊர்க்காரருக்கும் ஒரே இடம். எல்லோரும் படித்தது ஒரே பாடம்.

சுவாமிகள் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் அடங்கியவர். பிறந்த ஊர் அதுவானாலும் புதுக்கோட்டைக்கு அவரிடம் பாத்தியதை உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த எங்கள் மான்பூண்டியா பிள்ளையிடம் லயம் படித்து, அவருக்குச் சுவீகாரப் பிள்ளையாகவே ஆனவர் சுவாமிகள். அவருடைய சந்தப் பாட்டுகளில் தாளம் அப்படிக் குதிப்பதற்கு அந்தக் கஞ்சிராதான் காரணம் என்பது என் கட்சி. நடிகர் பி.யு. சின்னப்பாவும் எங்கள் ஊர்தான். இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். “நைஸ்” என்றது.

சுதந்திரத்தைப் பற்றி எங்களிடம் கேட்க வந்தவர்கள், விசுவநாத தாஸ் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் வந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர். கதை என்னவோ முருகன் வள்ளி கதைதான். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கதையாயிற்றே, அதற்குள் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக்கொடுத்த கொக்குப் பாட்டை நுழைத்தார். கொக்கு வெள்ளையாக இருக்கும், கடல் கடந்து வந்திருக்கும். சனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. போலீசுக்கும் தேவைப்படவில்லை. வெள்ளையர் 1876இலேயே நாடகத்துக்கென்று தனிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவரும் திரும்பத் திரும்ப வந்து பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. அவர் முடிதிருத்தும் மருத்துவர் சமூகம் என்பதால் அவரோடு ஜோடி சேர மாட்டேன் என்ற நடிகைகளும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக் கொக்கை விரட்டிய மேடையில் உள்ளூர்க் கொக்குகள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

எங்கள் ஊருக்குச் சுதந்திரமே இரண்டு தவணையில் வந்தது. 1947 ஆகஸ்ட் 15 ஊருக்கெல்லாம். தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச் 3. நாடகத்துக்கு மூன்றாவது தவணையும் பாக்கி இருந்தது. வெள்ளையன் சட்டத்தைத் தழுவி 1954இல் நம்மவர்களே தமிழ்நாட்டுக்கு ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் போட்டார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதற்குப் பிறகும் திருவிழா நாடகத்துக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டுத்தான் காத்திருக்கிறோம். அது வேறு கதை.

வந்தவர்களில் இத்தாலிக்கார அம்மா ஒருவர் மட்டும் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அவர்கள் ஊரிலும் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி பேசி நடிக்கிற நாடகம் இருந்ததாம். கொமேதியா தெல் ஆர்த்தே என்று பெயர். 1545இல் படுவா என்கிற ஊரில் நடிகர்கள் கூடி, சேர்ந்து தொழில் செய்வோம் என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது என்றார். நல்ல சேதி. ஆனால் அவர்கள் ஒரே குழுவாக ஒன்றாகத் தின்று ஒன்றாகத் திரிந்தவர்கள். நாங்கள் ராத்திரி கூடி விடியலில் பிரிகிறவர்கள் என்றேன். அப்படியென்றால் யார் இதை இழுத்துப் பிடிப்பது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை மன்னித்தேன்.

இழுத்துப் பிடிப்பது பெட்டி. பெட்டிக்காரனுக்கு உள்ள ஒரே சங்கடம் கட்டை, அதாவது அவரவர் பாடுகிற சுருதி. ராஜபார்ட் ஒன்றரைக் கட்டை, ஸ்திரீபார்ட் ஐந்தரைக் கட்டை என்று அமைந்துவிட்டால் சாமி புண்ணியம். ஸ்திரீபார்ட் அம்மாவின் மத்திமம்தான் ராஜபார்ட்டுடைய சட்சம். அவர் பாடி முடிக்கும்போது மத்திமத்தில் விரலை வைத்துக் கொஞ்சம் இழுத்தால், கேட்கிறவன் அறியாமல் சுருதி கைமாறிவிடும். ராஜபார்ட் இரண்டு கட்டை ஆளாக வந்து சேர்ந்தால் தொலைந்தோம். இரண்டுக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருப்பது பிரதி மத்திமம். அதில் நின்றுகொண்டு சுருதி மாற்ற முடியாது. அந்த அம்மா விட்ட சுருதி காதில் கிடக்கும்போதே இவர் எடுத்தால் பொட்டல் முழுக்க முகம் சுளிக்கும். ஏன் சுளிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, பெட்டிக்காரனைத்தான் பார்ப்பார்கள்.

வழி இரண்டு. ராஜபார்ட்டை அரைக் கட்டை ஏற்றினால் அந்த அம்மாவின் பஞ்சமத்தில் வந்து உட்காருவார். அரைக் கட்டை இறக்கினால் மத்திமத்தில். என் வாத்தியார் எப்போதும் இறக்குவார். ஏற்றிவிட்டால் காலை நாலு மணிக்கு, கிழவன் வேடத்தில் பாட வேண்டிய இடத்தில், தொண்டை கைவிட்டுவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் ராஜபார்ட் ஒத்துக்கொள்ள வேண்டுமே. இரண்டு கட்டைக்காரரிடம் போய் ஒன்றரை பாடுங்கள் என்பது, சபையில் வைத்து வேட்டியை உருவுகிற மாதிரி.

வாத்தியார் திருமயம் பக்கத்து ஆள். முதல் சீசன் முழுக்க என்னைப் பெட்டியைத் தொட விடவில்லை. பபூன் மேடையில் சனத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு, நடிகர்கள் அரிதாரம் பூசுகிற கொட்டகைக்கு என்னையும் கூட்டிப் போவார். ஒரு மூலையில் உட்கார்ந்து பாக்கு வெட்டுவார். மழை உண்டா உங்கள் பக்கம், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று பேச்சுக் கொடுப்பார். கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை, அரைக் கட்டை கூட்டியே சொல்வார்கள்.

ஒரு தடவை கொன்னையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், பெரிய பெயர் வாங்கிய ராஜபார்ட் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். “ரெண்டு கட்டை வாத்தியாரே, ஞாபகம் வச்சுக்கங்க” என்று அவரே சொன்னார். வாத்தியார் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் வெளியே பார்த்து, “தம்பீ, டீ!” என்று குரல் கொடுத்தார். வாத்தியார் என் தொடையில் தட்டினார். “டீக்காரப் பயலைக் கூப்பிடுறான் பாரு, அதாண்டா அவன் கட்டை. நம்மகிட்டச் சொன்னது அவன் ஆசை.”

அன்றைக்கு ராத்திரி தர்க்கத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் பார்த்தேன். நாரதர் வேடத்தில் நின்ற அந்த ராஜபார்ட், பெண் புத்தி பின் புத்தி என்று ஏதோ இடக்காகச் சொன்னார். வள்ளி ஒரு பதில் வைத்தார். சனம் கொல்லென்று சிரித்தது, தாளக் கருவிகள் வாசிக்கிற ஆல்ரவுண்ட்காரர் சிம்பலில் ஓர் அடி போட்டார். அந்த இரைச்சலுக்குள்ளே வாத்தியாரின் சுண்டு விரல் நகர்ந்தது. காற்றைக் குறைத்து, சட்ச பஞ்சமத்தை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு விட்டார். சிரிப்பு அடங்கும்போது பொட்டல் முழுக்க ஒன்றரைக் கட்டை பரவியிருந்தது. வரப்போகிற பாட்டின் ராகத்தில் இரண்டே பிடி வாசித்தார். நாரதர் வாயைத் திறந்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. விடியற்காலையில் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, “இன்னைக்கு ரெண்டு கட்டை கிண்ணுன்னு நின்னுச்சு வாத்தியாரே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க சாரீரம்ண்ணே” என்றார் வாத்தியார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

அந்த நாரதர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், வள்ளி எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம், யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் ஒருவர் விரலின்மேல் நடக்கிறது. சுதந்திரமாக ஏதாவது பண்ணுங்கள் என்று சொன்ன பிள்ளைக்கு நான் காட்ட நினைத்தது இதைத்தான். பன்னிரண்டு நிமிடத்தில் நாரதர் மேடைக்கு நடந்து வரக்கூட முடியாது.

ஒத்திகை வைத்துச் செய்கிற கலையை மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எழுத்தறிவு இயக்கத்தின் அறிவொளிக் கலைப்பயணம் இதே ஊர்களில் சுற்றியது. முகாம் போட்டு, பாட்டும் நாடகமும் பயின்று வந்தவர்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டைக் கேட்டு, கல் உடைக்கிற பெண்கள்கூடச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். அதுவும் சுதந்திரத்துக்குப் பாடிய பாட்டுத்தான், பலனும் கண்முன் தெரிந்தது. அவர்கள் தொழில் அது, எங்கள் தொழில் இது.

என் குறை எங்கள் ஆட்கள்மேல்தான். இப்போது மேடைக்கு மேடை கீபோர்டு. அதில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன். அமுக்கினால் இரண்டு கட்டை ஒன்றரை ஆகும், இன்னொரு தடவை அமுக்கினால் ஒன்று ஆகும், வாசிக்கிற விரல் இடம் மாறவே வேண்டாம். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கிற பையன் கொட்டகைப் பக்கம் போவதில்லை. மேடைக்கு வந்து, மைக்கில், சனத்துக்கு முன்னாலேயே “என்ன கட்டைண்ணே?” என்று கேட்கிறான். அவரும் மைக்கிலேயே ஆசையைச் சொல்கிறார். இவன் அமுக்குகிறான். மூன்று மணிக்குத் தொண்டை இறங்குகிறது, இவன் செல்போனில் இருக்கிறான். கட்டை சேராவிட்டால் சுவாமிகள் பாட்டையே விட்டுவிட்டு ஒரு சினிமாப் பாட்டுக்குத் தாவுகிறார்கள். சனமும் கை தட்டுகிறது. அப்புறம் ஊர்க்காரன், நாடகம் எதற்கு, ஆடல் பாடலே வைக்கலாம் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஏஜெண்டுகளையும் சொல்ல வேண்டும். பழைய ஏஜெண்டுகள் ஜோடி சேர்க்கும்போதே கட்டை பார்ப்பார்கள். இரண்டுக்கும் ஐந்தரைக்கும் ஒரே நோட்டீஸில் படம் போட மாட்டார்கள். இன்றைக்கு முகம் பார்த்துப் போடுகிறார்கள். ஊருக்கு ஊர் நடிகர் சங்கம் இருக்கிறது, வருஷா வருஷம் காலண்டர் அடிக்கிறார்கள், ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே பெயர், வேடம், ஊர், செல் நம்பர். நம்பருக்குப் பக்கத்தில் கட்டையையும் போட்டுவிடுங்கள், பாதித் தலைவலி தீரும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கலர்ப் படத்துக்கே இடம் பத்தலை அண்ணே என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு ராஜபார்ட், “போட்டாலும் எல்லாரும் ரெண்டுன்னுதான் போடுவோம்” என்றார்.