கற்ற வழியும் கைப்பழக்கமும்

இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து பொறியியல் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் சிலர் கணினி நிரலெழுதும் போட்டிகளில் நாட்டம் கொண்டுள்ளனர். இஃது என்ன விளையாட்டு என்று பெற்றோர் பலருக்கு விளங்குவதில்லை. பன்னாட்டுக் கல்லூரிப் போட்டியில் மூவர் கொண்ட அணிக்கு ஒரே கணினி. நேரம் 5 மணி. தீர்ப்பு வழங்குவது எந்திரம். மறைத்து வைத்த சோதனைகளுள் ஒன்றில் பிழைத்தாலும் அது விடையை ஏற்பதில்லை.

தங்கச்சிமடத்தில் வாழும் என் தங்கையின் மகன் முதலாண்டு மாணவன். "வழி தெரிகிறது மாமா, எழுதினால் வரவில்லை. விட்டுவிடப் போகிறேன்" என்று சென்ற விடுமுறையில் சோர்ந்து கூறினான். அவன் இடறியது இருகூறாக்கித் தேடும் முறையில்.

அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். முதற்பக்கத்திலிருந்து புரட்டுவார் உண்டோ? நடுவே திறந்து, சொல் முன்னதோ பின்னதோ எனக் கண்டு, வேண்டாத பாதியை ஒதுக்குகிறோம். இங்ஙனம் செய்தால் 1000 பக்கங்களுக்குப் பத்துத் தடவை போதும். குழந்தைக்கும் புரியும் இம்முறையை நிரலாக்கும்போதே சிக்கல் எழுகிறது. பார்த்த நடுப்பக்கத்தையும் ஒதுக்குவதா, வைத்துக்கொள்வதா? ஒரே பக்கம் எஞ்சினால் நிற்பதா, அதையும் பார்ப்பதா? நம் கை தானே திருத்திக்கொள்ளும். எந்திரமோ சொன்னதையே செய்யும். இங்குத் தவறினால் நிரல் முடிவின்றிச் சுழலும்.

இம்முறை 1946-இல் எடுத்துரைக்கப்பட்டது. எந்த நீளமுள்ள பட்டியலுக்கும் பொருந்தும் வடிவம் அச்சேற ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின! ஜான் பென்ட்லி என்னும் அமெரிக்க அறிஞர், தொழில்முறை நிரலாளர்களிடம் இதனை எழுதக் கொடுத்தபோது பெரும்பாலோர் பிழைபட எழுதினர். பென்ட்லி எழுதிக் காட்டிய வடிவத்திலும் மிகப் பெரிய பட்டியல்களில் பிசகும் ஒரு நுண்பிழை இருந்ததை 2006-இல் ஜோஷுவா பிளாக் எடுத்துக்காட்டினார். முதலாண்டு மாணவன் இடறியதில் வியப்பென்ன?

இதற்கு நேர்மாறான ஒருவரையும் நம் தமிழ்நிலம் கண்டதுண்டு. 1825-இல் வெளிவந்த "கால சங்கலிதம்" என்னும் நூலில் ஜான் வாரன் என்பார் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவர் வாய்பாடுகளைச் சொற்களாக மனத்தில் நிறுத்தி, தரையில் சிப்பிகளைப் பரப்பியே அவ்வாண்டு மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். அதன் கோட்பாட்டை அவர் அறியார். ஆயினும் தொடக்கம் 4 நிமிட வேறுபாட்டில் பொருந்தியது. முடிவோ 52 நிமிடம் பிசகியது. கைப்பழக்கம் அவ்வளவு தூரம் கொண்டுசெல்லும். ஆனால் பிசகின் காரணத்தை ஆராய அது மட்டும் போதாது என்பது என் எண்ணம்.

புதிய முறைகளைத் தேடி அலைவதைச் சில வாரங்கள் நிறுத்துமாறு மருமகனிடம் சொன்னேன். இந்த ஒன்றையே நாள்தோறும் பாராமல் எழுதவேண்டும். ஒன்றுமில்லாத பட்டியல், ஒன்றே உள்ளது, இரண்டு உள்ளது, தேடும் பொருள் இல்லாதது ஆகியவற்றை வைத்து, ஒவ்வோர் அடியையும் தாளில் நடத்திப் பார்க்கவேண்டும். கணினி பிறகு வரட்டும். பள்ளி மாணவர்க்கான இந்தியக் கணினி ஒலிம்பியாடின் முதற்கட்டமாகக் கணினியே இல்லாத எழுத்துத் தேர்வு பல ஆண்டுகள் நடந்ததுண்டு. ஆதலின், வீட்டில் கணினி இல்லையே எனத் தயங்கும் பெற்றோர், எழுதாத பக்கங்கள் உள்ள பழைய நாட்குறிப்பேடு ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தே தொடங்கி வைக்கலாம்.