ரேடியோவுக்கு ஒரு சொட்டு ஈயம்

தறி உள்ள வீட்டில் அறுந்ததைச் சேர்ப்பது புதிய வேலை அல்ல. எங்கள் தென்னேரியில் அச்சு பிணைக்க உட்கார்ந்தால், பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கிக்கொண்டே போவோம். பட்டு இழையையே பிணைக்கிற கைக்கு ஒரு செப்புக் கம்பி எம்மாத்திரம்? ஆனாலும் சால்டரிங் என்றால் மட்டும் "அதெல்லாம் ஆம்பிளைங்க வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

என் மாமியாரின் ரேடியோ இரண்டு பென்சில் செல்லில் பாடுவது. செல் உட்காரும் ஸ்பிரிங்கிலிருந்து ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். லீவுக்கு வந்திருந்த நாத்தனார் மகன், ஐ.டி.ஐ.யில் படித்தவன், "நீங்களே பண்ணுங்க அத்தை, நான் பக்கத்துல இருக்கேன்" என்றான்.

வாங்கியது கொஞ்சம்தான். 25 வாட் சால்டரிங் அயர்ன், அதை நிறுத்த கனமான ஸ்டாண்டு, ஒரு சுருள் ஈயக் கம்பி. இதைக் கடையில் 'லெட்' என்றால்தான் எடுத்துத் தருவார்கள். முனையைத் துடைக்க ஈரமான ஸ்பாஞ்சு வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு சாதாரண வாயில் புடவை விலைகூட ஆகவில்லை. ஸ்டாண்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அயர்ன் முனையின் சூடு 300 டிகிரிக்கு மேல். அது உருண்டு பாய் மேலோ பட்டு நூல் மேலோ விழுந்தால் என்ன ஆகும்!

வேலையைச் சொல்கிறேன். கம்பியின் மேலுறையைக் கால் அங்குலம் சீவி, இழைகளை முறுக்கி, ஸ்பிரிங்கின் காதில் கொக்கி போல மாட்டிவிட வேண்டும். அயர்ன் முனையை இரண்டும் சேருமிடத்தில் இரண்டு மூன்று விநாடி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து லெட்டைத் தொட வேண்டும். "ஈயத்தைச் சுடாதீங்க அத்தை, கம்பியைச் சுடுங்க. ஈயம் தானா ஓடி வரும்" என்றான் பையன். அப்படியே ஓடி வந்து நெய் போலப் பரவியது! முதலில் லெட்டை எடுத்து, பிறகு அயர்னை எடுத்து, இறுகும் வரை அசைக்காமல் இருந்தால் சரி. பரவாமல் உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை என்று அர்த்தம். மறுபடி சூடு காட்ட வேண்டும். நகை செய்கிற பத்தர்கள் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதும் இதற்குப் பெரியப்பா முறைதான். அங்கே வெங்காரம், இங்கே ஃப்ளக்ஸ் என்கிற பிசின். அது லெட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகிற பருவம். அதனால் அயர்ன் வாங்குமுன் நான் விசாரித்தது இந்த லெட்டைப் பற்றித்தான். சாதாரண லெட்டில் 60/40 என்று போட்டிருக்கும். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு இழுத்துக்கொள்ளுமாம். மூளை வளர்ச்சியைத்தான் அது கெடுக்கிறது.

இதைக் கேட்ட மாமியார், "நாம ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிக்கிறோமே, அதுக்கு என்ன சொல்றே?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. ஆனால் ஓட்டை விழுந்த பாத்திரத்தை இந்த லெட்டால் அடைத்து அதில் சமைக்கவே கூடாது.

காரீயம் கலக்காத லெட்டும் கிடைக்கிறது. விலை கூடுதல், உருகவும் 30, 40 டிகிரி அதிகச் சூடு கேட்கும். நான் அதையே வாங்கினேன். கைக்குழந்தை உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வேறு யோசிக்கவே வேண்டாம். ஆனால் பழைய சாமானில் ஏற்கெனவே இருக்கிற ஈயம் எதுவென்று யார் கண்டது? ஆகவே எந்த லெட்டானாலும் வேலை முடியும் வரை வாயில் எதுவும் போடக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மேஜையையும் தரையையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. இரண்டு கையும் போதாமல் லெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடவுளே!

எழுகிற புகை பிசினுடையது. இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை மேலே குனியாமல் செய்யுங்கள். நைலக்ஸ் வேண்டாம், நூல் புடவை கட்டி முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது, சில சமயம் தெறிக்கும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் தடவாதீர்கள்.

ரேடியோ பாட ஆரம்பித்த மறுநாளே எதிர்வீட்டு அக்கா ஒரு டார்ச்சும் மிக்ஸியுமாக வந்துவிட்டார். டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டேன். "சுவரில் ப்ளக் போடுகிற எதையும் திறக்க மாட்டேன் அக்கா, செல்போன் பேட்டரியையும் தொட மாட்டேன், அதெல்லாம் தெரிந்தவர்கள் வேலை" என்று மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.