எழுத்து வேறு, அலங்காரம் வேறு

பி.காம். கடைசி வருஷம் என்றால் பல கல்லூரிகளில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உண்டு. வண்ணாரப்பேட்டைப் பக்கம் படிக்கிறவர்கள் கையால் எழுதிய தாள்களை டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்குவது வழக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. கைடு நடுவில் ஒரு அத்தியாயம் சேர்க்கச் சொன்னால் போச்சு! பக்க எண், பொருளடக்கம் எல்லாம் மாறும், திருத்தத்துக்கும் காசு. தமிழ் ரிப்போர்ட் என்றால் இன்னொரு தொல்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். உழைப்பு மாணவருடையது, கோப்பு கடைக்காரருடையது!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எழுத்தையும் அலங்காரத்தையும் பிரித்துவிடுவது. தன் புத்தகத்தின் அச்சு பிடிக்காத டொனால்ட் நூத், 1977ல் டெக் என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2004ல் ஜான் க்ரூபர் கொண்டு வந்த மார்க்டவுன் இன்னும் எளிது. நோட்பேட் போதும். வரியின் முன்னால் # போட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும் ** போட்டால் தடித்த எழுத்து. அவ்வளவுதான்.

அந்தக் கோப்பை பேன்டாக் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால் வேர்ட், பி.டி.எஃப்., மின்னூல் எதுவாகவும் மாற்றித் தரும். 2006ல் அதை எழுதியவர் ஜான் மெக்ஃபார்லேன், ஒரு தத்துவப் பேராசிரியர்! கேட்டால் பொருளடக்கத்தையும் அதுவே போடும். தமிழில் பி.டி.எஃப். வேண்டுமென்றால் ஸீடெக் வழியாக எடுத்து, தமிழ் எழுத்துருவின் பெயரையும் குறிப்பிட வேண்டும். மறந்தால் தமிழ் எழுத்து வரும் இடமெல்லாம் காலியாக இருக்கும்.

இதெல்லாம் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு மதுரைத் திட்டமே பதில். 1998ல் தொடங்கி, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்நின்று நடத்திய அந்த முயற்சியில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அன்று டிஸ்கி குறியாக்கம். பிறகு யூனிகோடு வந்தது. மறுபடி முதலிலிருந்து அடிக்கவில்லை. வெறும் எழுத்தும் எளிய குறிகளுமாக இருந்ததால் மென்பொருளாலேயே மாற்ற முடிந்தது.

குறையும் உண்டு. பேலன்ஸ் ஷீட் போன்ற பெரிய அட்டவணைகளை மார்க்டவுனில் அடிப்பது பெரும்பாடு. அவற்றை எக்செல்லில் போட்டு, கடைசியில் வேர்டில் ஒட்டிக்கொள்வது நல்லது.

முதலில் ஒரே ஒரு அத்தியாயத்தை இப்படி அடித்துப் பாருங்கள். பிரிண்டுக்கும் பைண்டிங்குக்கும் கடைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் மூலக் கோப்பு உங்கள் பென் டிரைவில் இருக்கும், பத்து வருஷம் கழித்தும் திறக்கும்.