நன்றி வேறு, கணக்கு வேறு!



எனக்கு எழுத்தறிவித்தவர் ஒரு கன்னிகாஸ்திரீ. எங்களூர் மடத்துப் பள்ளியிலே, என் குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கேளாமல், முதல் வரிசையிலே அமர வைத்து, விரல் பிடித்து 'அ' எழுதச் சொன்னவர். ஆகவே, இந்தக் கட்டுரைக்காகப் பேனாவை எடுத்தபோது கை தயங்கிற்று. நன்றி வேறு, கணக்கு வேறு என்று தெளிந்த பிறகே எழுதுகிறேன்.

அயர்லாந்து நாட்டிலே, கார்க் நகரின் ஓரத்திலே, பெஸ்பரோ என்றொரு மாளிகை. சுற்றிலும் தோட்டம், புல்வெளி, பண்ணை. கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்று 1922இல் அதனை ஏற்று, மணமாகாமல் தாயான பெண்களுக்கு இல்லமாக்கிற்று. 1998 வரை நடந்த அந்த இல்லத்திலே 9,768 தாய்மார் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தளம் துடைத்தார்கள், துணி வெளுத்தார்கள், புல் வெட்டினார்கள். கூலி கிடையாது. அவர்களுடைய பராமரிப்புக்கென்று உள்ளாட்சி மன்றங்கள் சபைக்குப் பணம் அளந்தன.

பண்ணை இருந்தது, பணம் வந்தது, பூசை நடந்தது. ஆனால் 1943இல், அங்கே பிறந்த, சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் நான்கில் மூன்று மடிந்தன! ஆண்டவன் சித்தம் என்று ஊர் வாய்மூடிக் கிடந்திருக்கும். அரசின் தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி அப்படிக் கிடக்கவில்லை. நேரிலே போனார், குழந்தைகளின் துணியை அவிழ்க்கச் சொன்னார். வெள்ளைத் துணிக்குள்ளே சீழும் வயிற்றுப்போக்கும்! இல்லத்தைச் சிலகாலம் மூட வைத்தார், தூய்மை செய்ய வைத்தார். சாவு குறைந்தது. விதி மாறவில்லை, தோழர்களே. ஒரு மனிதன் கண்ணைத் திறந்து பார்த்தான், அவ்வளவே!

2015இல் அயர்லாந்து அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021இல் வெளியாயிற்று. பெஸ்பரோவோடு தொடர்புடைய குழந்தைச் சாவுகள் 923. புதைத்த இடம் தெரியவந்தது 64 குழந்தைகளுக்கு மட்டுமே. கன்னியருக்கோ அதே வளாகத்திலே பெயர் பொறித்த கல்லறைகள்!

கன்னியர்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவிக் கொள்ளலாமா? அந்தக் குழந்தைகளின் தகப்பன்மார் எங்கே? அவர்களை அடைக்க எந்த இல்லமும் கட்டப்படவில்லையே! மகளை வாசலிலே விட்டுத் திரும்பிய குடும்பம், பணம் கட்டிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்ட அரசு, கற்பென்னும் பாரத்தைப் பெண் தலையிலே மட்டும் ஏற்றிய சமுதாயம் — அத்தனையும் அந்தக் கூண்டிலே நிற்க வேண்டியவையே.

பிற மதத்தின் குற்றமென்று மகிழ்வது பகுத்தறிவாகாது. வெள்ளுடையோ, காவியோ, கருப்புச் சட்டையோ, தொண்டு என்ற பலகை தொங்கும் இடமெல்லாம் கதவு திறந்திருக்க வேண்டும், கணக்கேடு விரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்பவன் தொண்டுக்குப் பகைவனல்லன்; அதன் காவலன்.

என் ஆசிரியை, கூட்டலிலே விடை தவறினால் பிரம்பை எடுக்கமாட்டார். "மறுபடி எண்ணிப் பார்" என்பார். அவருக்கு நான் செலுத்தும் நன்றி இதுதான்: 923லிருந்து 64 போக, 859. எண்ணிப் பார்த்துவிட்டேன், அம்மா. அந்தக் குழந்தைகள் எங்கே?