மலையிலிருந்து வந்த கன்று

எங்கள் வீட்டில் வாழைப்பழத்தைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டத்தைப் போட்டவள் என் மனைவி. அதை மீறித்தான் இன்று எழுதுகிறேன். என் கட்டுரைகளை அவள் படிப்பதில்லை என்ற தைரியம்தான் காரணம்.

சட்டம் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குப் பிறந்த ஊர் திருச்சி. அவளைப் பொறுத்தவரையில் உலகத்தில் பழம் என்றால் ரஸ்தாளிதான். மற்றவையெல்லாம் வாழைப்பழம் மாதிரி ஏதோ ஒன்று. நாகர்கோயிலிலிருந்து வரும் என் சகலையோ மட்டிப்பழத்துக்காகத் தலையைக் கொடுக்கவும் சித்தமாக இருப்பவர். "விரல் அளவுதான் இருக்கும்; ஆனால் வாயில் போட்டால் கரைந்து போகும். குழந்தைக்கு முதல் ஆகாரமாகவே அதைத்தான் கொடுப்போம்" என்பார். நான் திண்டுக்கல்காரன். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் நடுவே பிறந்துவிட்டு மலைவாழையை விட்டுக்கொடுத்தால் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது? ஒரு தீபாவளியன்று மூவரும் ஆரம்பித்த வாதம் பொங்கலுக்குத்தான் ஓய்ந்தது.

பட்சபாதம் இல்லாமல் சொல்வதென்றால், ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு குணம் உண்டு. பூவன் குடும்பஸ்தன். இனிப்போடு கொஞ்சம் புளிப்பும் வைத்துக்கொண்டு, தாம்பூலத் தட்டிலும் சாமி படத்தின் முன்னும் ஒரே மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கும். ரஸ்தாளி பெரிய இடத்துப் பெண். வாசனைக்கு இணை கிடையாது. ஆனால் காத்திருக்கத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் நாக்கெல்லாம் துவர்க்கும். அரை நாள் அசந்துவிட்டால் சீப்பிலிருந்து பழம் பழமாக உதிர்ந்து கிடக்கும். கற்பூரவல்லி, சாம்பல் பூசிய சந்நியாசி மாதிரி வெளியே தெரியும், உள்ளே தேன். காற்றையும் வறட்சியையும் தாங்கும் பிள்ளை அது. கொல்லையில் தண்ணீர் சரியாக இல்லாதவர்கள் அதைத்தான் வைக்க வேண்டும். மொந்தனுக்குக் கறியிலும் பஜ்ஜியிலும்தான் கௌரவம். பச்சை வாழையோ நம் ஊர் வெயிலில் பழுத்தாலும் பச்சையாகவே நின்று ஆளை ஏமாற்றும். உருவம் பெரிது, ருசி சிறிது.

மலைவாழை வேறு ரகம். பார்வைக்கு அழகில்லை. சின்னதாக, சற்றே வளைந்து, தோல் தடித்திருக்கும். தோல் மஞ்சளாக இருக்கும்போது அதைத் தின்கிறவன் பாதிதான் அறிந்தவன். தோல் கறுத்து, சுருங்கி, மற்றப் பழமாக இருந்தால் மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றுகிற நிலையில் உரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே குழைவு இருக்காது, நீர் இருக்காது. வெண்ணெயில் சர்க்கரை கலந்து, ஒரு சொட்டு எலுமிச்சை விட்ட மாதிரி இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்பதன் ரகசியமும் இந்தப் பழத்தில் நீர் குறைவு என்பதுதான். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், வெல்லச் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும் கூட்டிப் பிசைகிறார்கள். விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு அது கிடைக்க 2019 வரை ஆயிற்று. தாய்க்குப் பட்டம் கொடுத்துப் பத்து வருஷம் கழித்துத்தான் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவு தெரிந்தவன் சும்மா இருந்திருக்கலாம். மலைவாழைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து என் கொல்லையிலேயே வைத்து, குலை தள்ளியதும் மனைவிக்கும் சகலைக்கும் இலை போட்டுப் பரிமாறி, வாதத்தை ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது.

கோடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும்போது அந்த ஆசை முற்றிவிட்டது. கோடைக்கானலில் வாழை கிடையாது. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் அது பிழைக்காது. வாழையின் ராஜ்யம் அதற்குக் கீழே, மேகம் தொட்டுத் தொட்டுப் போகும் நடுமலையில். ஊத்து என்ற இடத்தில் கிளைச் சாலையில் திரும்பினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று வரிசையாக ஊர்கள். காப்பிச் செடி, மிளகுக் கொடி, ஆரஞ்சு, அவற்றுக்கெல்லாம் நிழல் தரும் பெரிய மரங்கள். இத்தனைக்கும் நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாழை நிற்கும். சமவெளித் தோட்டத்தைப் போல அணிவகுப்பு இல்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நிற்கிற உறவுக்காரர்கள் மாதிரி.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். என் விருப்பத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கன்று தரமாட்டேன் ஐயா. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"விலை சொல்லுங்கள் பெரியவரே."

"வெலைக்கில்ல. இது ராத்திரிக் குளிருல, மஞ்சுல, மெதுவா முத்துற காய். ஒன்றேகால் வருசத்துக்கு மேல ஆகும். கீழ வெக்கையில வச்சா மரம் வளரும், காய் காய்க்கும். ருசி மட்டும் எறங்கி வராது. அது ஒண்ணு. இன்னொண்ணு, நோய். எங்க அப்பா காலத்துல இந்த மலை பூரா வாழைதான். எழுபதுகள்ல கொள்ளை நோய் மாதிரி வந்துச்சு. கன்று கைமாறக் கைமாற நோயும் கைமாறுச்சு. நல்ல கன்றா, கெட்ட கன்றான்னு சின்னதுல கண்ணுக்குத் தெரியாது."

பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, அந்த நோய்க்குப் பின் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிற்று என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரியவர் கணக்குச் சொல்லவில்லை. எதிரே தெரிந்த மூன்று குன்றுகளைக் கையால் காட்டி, "அது பூரா" என்று மட்டும் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன். வணக்கம் சொல்லி விடைபெற்றேன். பிறகு நாலு மைல் தள்ளி, சாலையோரத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் ஐம்பது ரூபாய்க்கு ஒரு கன்றை வாங்கிச் சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டேன். வாசகர்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

கொல்லை மதிலோரமாகக் கன்றை நட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டியம்மா வீடு. அவள் வீட்டில் ரஸ்தாளி நின்றது. நின்றது என்று சொன்னால் போதாது. சோழவந்தானிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவள் தாயார், ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்து ரயிலேற்றிய கன்றின் வம்சம் அது. அறுபது வருஷமாக அதே மூலையில் தாய் சாயப் பிள்ளை, பிள்ளை சாயப் பேரன் என்று நின்றுகொண்டிருந்தது. குலை வெட்டும் நாளில் முதல் சீப்பு சாமிக்கு; இரண்டாம் சீப்பு மதில் மேலாக எங்களுக்கு. அமாவாசைக்குத் தெருவில் பாதி வீட்டுக்கு இலையும் அங்கிருந்துதான்.

என் கன்று வளர்ந்தது. பாட்டியம்மாவின் மரம் இலைகளைத் தாழ விரித்துக்கொண்டு நிற்க, என்னுடையது குறுகிய இலைகளை ஒன்றாக உச்சியில் கூட்டி, நெட்டுக்கு நிமிர்ந்து நின்றது. "பார்த்தாயா, மலை ஜாதி! எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது!" என்று மனைவியிடம் சொன்னேன். இதை வைத்து ஒரு கதையே எழுதலாம் என்று கூட எண்ணினேன். நல்லவேளை, எழுதவில்லை.

நாலைந்து மாதம் போயிற்று. தோட்டக்கலை படித்த, என் நண்பரின் மகன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கையில் காப்பி டம்ளரோடு கொல்லைக்குப் போனவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, இது எங்கே வாங்கினது?"

சொன்னேன். அவன் ஓர் இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினான். நரம்பு நெடுகக் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும், புள்ளியும் கோடும். தந்தி ஆபீஸ் இருந்த காலத்தில் வந்த சங்கேதச் செய்தி மாதிரி இருந்தது. முடிக்கொத்து நோய் என்றான். அந்த நிமிர்வுதான் நோய். நான் வீரம் என்று பார்த்தது வியாதி. இது இனிக் குலையே தள்ளாதாம்.

"எங்கிருந்து வருகிறது இது?" என்றேன்.

வைரஸ் என்றான். 1889-இலேயே பிஜித் தீவில் இதைக் கண்டிருக்கிறார்கள். 1913-இல் இலங்கையில், அங்கிருந்து 1940-இல் திருவிதாங்கூருக்கு. இலைக் குருத்தின் இடுக்கில் வாழும் ஒரு சின்ன அசுவினிப் பூச்சி மரத்துக்கு மரம் இதைச் சுமந்து போகும். ஆனால் ஊர்விட்டு ஊர், கடல்விட்டுக் கடல் சுமந்து போகிறவன் மனிதன்தான், கன்றின் ரூபத்தில்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. காட்டு வாழைப்பழத்தில் கல் கல்லாக விதை இருக்கும். நாம் தின்கிற வாழைக்கு விதை கிடையாது. ஆகவே கன்றிலிருந்து கன்றாக, ஒரே மரம்தான் நூற்றாண்டுக் கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. வாழையடி வாழையாக வாழ்க என்று வாழ்த்துகிறோமே, அதில் ருசி மட்டுமல்ல, நோயும் அப்படியே வரும். மேல்நாட்டுக் கடைகளை ஆண்டுகொண்டிருந்த குரோஸ் மிஷேல் என்ற பழம் 1950-களில் வேறொரு நோயால், பனாமா வாடலால், வியாபாரத்திலிருந்தே மறைந்து போயிற்று. மலைவாழை அந்த மட்டுக்கு அதிர்ஷ்டசாலி. 1993-இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பில் உண்டாக்கித் திரும்பவும் மலை ஏற்றியிருக்கின்றன.

பையன் மதில் மேல் எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பாட்டியம்மாவின் ரஸ்தாளிக் கன்றுகள் இரண்டிலும் குருத்து குறுகிக் கூம்பியிருந்தது.

என் மரத்தை அன்றைக்கே தீர்த்துவிட்டோம். முதலில் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சியைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது அது பக்கத்து மரத்துக்குக் குடிபோகும். அப்புறம் கிழங்கோடு தோண்டித் துண்டு துண்டாக நறுக்க வேண்டும். அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாட்டியம்மாவிடம் போய்ச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நோய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. பையனும் சொல்லப் போவதில்லை. காற்றில் வந்தது என்று சொன்னால் நம்பிவிடுவாள். நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பொய் பெரிய சிரமமில்லை. இரண்டு ராத்திரியும் அந்தப் பொய்யை நன்றாகவே தயார் செய்தேன்.

மூன்றாம் நாள் போய் உண்மையைச் சொன்னேன். தாண்டிக்குடிப் பெரியவர் தடுத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பாட்டியம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "வெலைக்கு வாங்கினதால வந்த வினை தம்பி. எங்கிட்டக் கேட்டிருந்தா ரஸ்தாளிக் கன்னு சும்மா கொடுத்திருப்பேனே" என்றாள். மண்ணெண்ணெய்ப் புட்டியை என் கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். தாய் மரத்தின் குருத்தில் ஊற்றும்போது மட்டும் கை நடுங்கிற்று. அந்த மூலை வெறும் மண்ணாயிற்று. அதற்கு அடுத்த அமாவாசைக்குத் தெருவில் எல்லோரும் கடையில் இலை வாங்கினோம். எங்கள் வீட்டுச் சட்டமும் அன்றுதான் பிறந்தது.

திசு வளர்ப்பு ரஸ்தாளி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி" என்றாள். அதோடு விட்டிருப்பேன், என் மனைவி விடவில்லை. பாட்டியம்மா அறுபது வருஷத்தில் யார் யாருக்குக் கன்று கொடுத்தாள் என்று ஒரு ஜாபிதா எடுத்தாள். சோழவந்தான் வீடு கைமாறிவிட்டது. தெருவில் கன்று வாங்கியவர்களின் கொல்லைகளெல்லாம் மாடி வீடாகிவிட்டன. கடைசியில், எப்போதோ ஒரு கன்று வாங்கிப் போன பழைய பால்காரரின் ஞாபகம் வந்தது. சிறுமலை அடிவாரத்தில் அவர் ஊர். போய்ப் பார்த்தோம். மாட்டுத் தொழுவத்தின் பின்னால், சாணமும் தண்ணீரும் தின்று கொழுத்து, பாட்டியம்மாவின் ரஸ்தாளி ஒரு குடும்பமாகவே நின்றுகொண்டிருந்தது. பையன் ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, சரி என்ற பிறகே மண்வெட்டியைத் தொட்டேன். ஈட்டி மாதிரி இலை குறுகிய கன்றுதான் நல்ல கன்று; அகல இலை விட்ட நீர்க்கன்று உதவாது என்பதையும் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

வெறும் மண்ணை ஆறப்போட்டு நட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சென்ற மாதம் குலை வெட்டினாள். முதல் சீப்பு சாமிக்கு. இரண்டாம் சீப்பு மதில் மேலாக வந்தது. "பொறுத்துத் தின்னணும் தம்பி, அவசரப்படாதீங்க" என்றாள். வேறெதையும் மனத்தில் வைத்து அவள் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன்.

நான்கு நாள் பொறுத்தேன். தோல் மெலிந்து காகிதமாகி, வாசனை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போன பிறகு உரித்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைவாழையோடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலும். நான் ஒன்றும் சொல்லவில்லை. மலைவாழை வேண்டுமென்றால் இப்போது வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போய்ப் பழமாகவே வாங்கி வருகிறேன்.